வாராவாரம் போன சட்டை

ஏ சுந்தரம்மா, இந்த வாரம் அழுக்குச் சட்டை வரலேன்னு சந்தேகப்படாத, தொவைக்க மலையில எவளையும் நான் சேத்துக்கிடல. இந்த மூஞ்சிக்கு எவ வருவா? ஒனக்கு அந்த மூச்சிழுப்பு கொறஞ்சிச்சா? போன்ல சொன்னா கத்துவ, அதான் எழுதுறேன்.

எஸ்டேட்டு டாக்டரம்மா வைத்தியம் பாத்துக்கிட்டே, செய்யிற சோலியால வர்ற சீக்கைப் பத்தி கம்ப்யூட்டர்ல படிக்கிறாங்க. ஏலக்காச் செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கிறவன்னு என்னையும் அந்த வகுப்புக்குக் காட்டுனாங்க. புதுமாப்பிள கணக்கா மீசைய முறுக்கிட்டு உக்காந்தேன். அதுல வாத்தியாரு ஒருத்தரு, "மருந்து பட்ட சட்டைய யாரு தொவைக்கிறா?"ன்னு கேட்டாரு. "வாராவாரம் ஜீப்புல போடிக்கு அனுப்பிருவேன், எம்பொண்டாட்டி கையால கசக்குனாத்தான் எனக்குப் பிடிக்கும்"னு பெருமையாச் சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கல.

ஒன் இழுப்பு சட்டையில ஒட்டுன அந்த மருந்தால இருக்கலாமாம். இனிமே நானே தொவைச்சுக்கிறேன். அங்க அழுக்குச் சட்டை கெடந்தா தொடாத. வெரசா ஜீப்பேறி வா, டாக்டரம்மா ஒன்னையப் பாக்கணுமாம். வரும்போது கொஞ்சம் கருவாடு கொண்டா, தனியா உக்காந்தா சோறு எறங்க மாட்டேங்குது.

இப்பத்தான் டாக்டரம்மாகிட்ட, "அவளுக்கு நல்லாயிருமா தாயி, இல்ல..."ன்னு ஆரம்பிச்சேன். வகுப்புக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

ராக்கையா