குளிக்கப் போகுமுன் ஒரு குளிப்பு

ஜூலை 6, சனி
இன்று கால் தரையில் படாமல் மிதந்தேன்! எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் தெரிகிற ஊரில் நாற்பத்திரண்டு வருடம் இருந்தும் நீந்தத் தெரியாத இரசாயன ரீச்சருக்கு இது பெரிய சாதனை. உட்துறைமுக வீதி ஹோட்டல்காரர் றஊப், சனி பின்னேரம் ஒரு மணித்தியாலம் நீச்சல் தடாகத்தைப் பெண்களுக்கென்று விடுகிறார். மேலே கூரை, சுற்றிவர மறைப்புக்கு நீலத் தறப்பாள். உள்ளே நாங்கள் ராணிகள்.

ஒரே குறை, குளோரின் மணம். கண் எரிகிறது. நீச்சல் பழக்கும் பஹ்மியாவிடம் குளோரின் மருந்தைக் குறைக்கச் சொன்னேன். நான் படித்தவள் அல்லவா!

ஜூலை 13, சனி
குறைத்தார்கள். மணம் இரட்டிப்பு. ஒரே இருமல்.

வெளியே றஊப் நின்றார். "டீச்சர், உங்களுக்குப் பிறகு இறங்குற வெள்ளக்காரங்க மூக்கப் பொத்துறாங்க. அடுத்த சனியும் இப்பிடி எண்டா லேடீஸ் நேரத்த நிப்பாட்டத்தான் வேணும்."

பஹ்மியாவின் முகம் வாடிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. கடலில் உடுப்போடு முழங்கால் வரை நிற்கலாம், அவ்வளவுதான். இதுவும் போனால் நான் எங்கே நீந்துவது?

ஜூலை 14
விடைத்தாள் திருத்தும்போது கண்ணில் பட்டது: அமோனியாவும் குளோரினும். எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதினேன்! அடி மொக்கு கஜந்தி!

மணப்பது குளோரின் இல்லை. வியர்வையிலும் — எழுதத்தான் வேணும் — மூத்திரத்திலும் இருக்கிற நைதரசன் சரக்கோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைன். அதிலும் மூன்று குளோரின் அணு ஏறிய வகைதான் தண்ணீரை விட்டுக் கிளம்பிக் கண்ணைக் கரிக்கிறது. எங்கள் தறப்பாள் அதைப் போகவிடாமல் அடைத்து வைக்கிறது. மருந்தை நன்றாகக் கூட்டினால்தான் எல்லாம் உடைந்து பெரும்பாலும் வெறும் நைதரசனாகப் போகும். நான் குறைக்கச் சொன்னேனே!

நாங்களோ கச்சான் காற்றின் வெக்கையில் வேர்த்து, தலையில் எண்ணெய் அப்பி, நேரே குதிக்கிறோம். குளிப்பெல்லாம் ஏறி வந்த பிறகுதான்.

ஜூலை 16
"மணக்குதெண்டு முறைப்பாடு, நீங்க இன்னும் போடச் சொல்றீங்களே?" என்றார் றஊப். கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தேன். தடாகத்தைப் பூட்டி, மருந்தைக் கூட்டி, தறப்பாளை அடியில் ஒரு முழம் உயர்த்தியாயிற்று.

ஜூலை 20, சனி
முதலில் எல்லோரும் ஷவருக்குள் போங்கள் என்றேன். பக்கத்து வீட்டுப் புஷ்பவதி அக்கா இடுப்பில் கை வைத்தார்.

"குளிக்க வந்த இடத்திலை முதல் குளிச்சிட்டு வரட்டோ? நல்ல கதை, ரீச்சர்!"

ஒரே சிரிப்பு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஓம், சவர்க்காரம் போட்டுக் குளியுங்கோ! உங்கடை வேர்வையைத்தான் எல்லாரும் மூக்காலை இழுக்கிறம். இல்லாட்டி இனி ஒருத்தருக்கும் தடாகம் இல்லை!"

சிரிப்பு நின்றது. அக்கா முறைத்துக்கொண்டே ஷவருக்குள் போனார். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

மணம் — இல்லை!

ஜூலை 21
றஊப் போன் எடுத்தார். "டீச்சர், ஒரு மணமும் இல்லயே. மருந்து போட்டாங்களா, இல்லயா?"

இந்த மனுசனை என்ன செய்ய?

ஜூலை 27, சனி
றஊபின் மனைவி ஷாமிலா முதல்முறையாக நீந்த வந்தார். நேரே படியில் இறங்கப் போனவரைப் புஷ்பவதி அக்கா கை நீட்டி மறித்தார்.

"முதலாளியம்மா எண்டாலும் முதல் குளிச்சிட்டு வாங்கோ."

ஷாமிலா சிரித்துக்கொண்டு ஷவருக்குப் போனார்.

நான் அந்தக் கரை வரை நீந்திப் போய்த் தொட்டேன். கண்ணைத் திறந்துகொண்டே.