மெஷின் உங்கள் ஊரில், சாவி எங்கள் ஊரில்

அன்பான சம்பந்தி சடையப்பன் அவர்களுக்கு,

கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட தாள்தான். ஆனாலும் என் வரிகள் ஏற்காடு வளைவில் ஏறும் லோடு ஜீப் மாதிரி மேலே மேலே போகின்றன. காப்பிச் செடியைக் கவாத்து செய்த கை, பேனாவையும் கத்தியைப் பிடிப்பது போலத்தான் பிடிக்கிறது.

நீங்கள் கண்ணை மூடிய பிறகுதான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். உங்கள் மருமகள், அதாவது என் மகள் செல்வி, சாயங்காலத்தில் நம் மெஷின் கொட்டகையிலேயே பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறாள். முன்பே கற்று உங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தாலும் பயன் இல்லை. உங்களுக்கும் படிக்கத் தெரியாதே. இப்போது தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போன வாரம் செய்தித்தாளில் முதல் தடவையாக ஒரு செய்தியை முழுதாகப் படித்தேன். ஐரோப்பா பற்றியது. அங்கே பக்கத்துப் பக்கத்து நாடுகள் பெரிய சண்டைகள் போட்டு ஓய்ந்த பிறகு, நிலக்கரியையும் இரும்பையும் ஒரு பொதுச் சபையின் பொறுப்பில் விட்டனவாம். அதில் தொடங்கிய உறவு, இன்று பல நாடுகளுக்கு ஒரே பணம், ஒரே சபை என்று வளர்ந்திருக்கிறது. ஒரு நாடு வெளியேயும் போய்விட்டதாம். படித்துவிட்டு நான் சிரித்தேன். இதைத்தானே நாம் காப்பிப் பழத்தை வைத்துச் செய்தோம்?

எங்கள் மேலூரும் உங்கள் கீழூரும் மஞ்சக்குட்டையோடு திரும்பிவிடும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுகூடத் தள்ளித் தள்ளி நின்ற காலம் அது. பழத்தின் தோலை உரிக்க இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே மெஷின்தான் வாங்க முடிந்தது. ஓடைத் தண்ணீர் உங்கள் ஊரில் இருந்ததால் கொட்டகையும் அங்கேதான் போட வேண்டும். மெஷின் கைவிட்டுப் போய்விடும் என்று எங்கள் ஆட்கள் மிரண்டார்கள். அப்போது நீங்கள் எழுந்து சொன்னீர்கள்:

"மெஷின் எங்க ஊர்ல இருக்கட்டுங்க. சாவி உங்க ஊர்ல இருக்கட்டும். நீங்க வராம நாங்க தெறக்க முடியாது. எங்க தண்ணி இல்லாம நீங்க ஓட்ட முடியாது. அப்பறம் எப்படிங்க சண்டை போடறது?"

அன்று முதல் சாவி என் இடுப்பில் இருந்தது. பழக் காலத்தில் தினமும் காலையில் இறங்கி வந்து திறப்பேன். யார் ஊர்ப் பழம் என்று பார்ப்பதில்லை, முதலில் வந்த மூட்டைக்கு முதல் இடம். மெஷின் ஓடும்போது பேசிய பேச்சில்தானே செல்வி உங்கள் வீட்டுக்கு வந்தாள்?

இந்தப் பழக் காலத்தில் அந்த உறவே அறுந்திருக்கும். முட்டி வீங்கிப் படுத்துவிட்டேன். தேறும் வரை செல்வியிடம் சாவியைக் கொடுத்திருந்தேன். முட்டி தேறி நான் இறங்கிப் போன காலையில், எனக்கு முன்பே கொட்டகை திறந்து மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் மகன் குமார் ஓடி வந்தார்.

"ஏனுங்க மாமா, இந்த முட்டியோட எதுக்கு எறங்கறீங்க? ஏற்காட்டுல இன்னொரு சாவி வெட்டிட்டு வந்துட்டனுங்க. இனி நாங்களே தெறந்துக்கறோம்."

பாசத்தில் செய்த வேலை அது. ஆனால் எங்கள் ஊரில் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. நம் மாரியப்பனைத் தெரியுமே, கோபக்காரன். "இன்னைக்குச் சாவி, நாளைக்கு மெஷினே எங்களுதும்பாங்க. நாம தனியா ஒண்ணு வாங்கிக்கலாம்" என்று ஊரைத் திரட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்துவிட்டான். மெஷின் நின்றது. பறித்த பழமெல்லாம் மூட்டையிலேயே சூடேறிக்கொண்டிருந்தது. நாம் கட்டியது என் கண்ணெதிரே பிரியப் போகிறதே என்று நினைத்தேன்.

உங்கள் ஊர் பாப்பாத்தியம்மா முன்னால் வந்தார்.

"உங்க ரோசம் அடங்கற வரைக்கும் பழம் பொறுத்திருக்குமா? நொம்பத்தான் பேசற, மாரியப்பா. எங்க மண்ணு, எங்க தண்ணி. இத்தன வருசமா எங்க கொட்டாய எங்களால தெறக்க முடியல. ஒரு நாளாவது ஏன்னு கேட்டிருப்பமா?"

எனக்குச் சுருக்கென்றது. கையில் சாவி இருந்தவனுக்கு அது தோன்றவே இல்லை. உங்களுக்குத் தோன்றியிருந்ததா சம்பந்தி? தெரிந்தும் எங்களுக்காக விட்டுக்கொடுத்தீர்களா?

மாரியப்பன் விடவில்லை. "அப்ப ரெண்டு பூட்டாப் போட்டுக்கங்க! உங்களுக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணு. ரெண்டு பேரும் சேந்து வந்து தெறங்க!" என்று கிண்டலாகக் கத்தினான்.

 பாப்பாத்தியம்மாதான் முதலில் சிரித்தார். "நல்லாச் சொன்ன, சாமி. அதையே செய்வோம். உங்க ஊர்ச் சாவிய நீயே வெச்சுக்க. காலைல எங்கூட்டுல டீ குடிச்சுட்டுத் தெறக்கலாம்."

தன் பேச்சிலேயே மாட்டிக்கொண்ட மாரியப்பன் தலையைச் சொறிந்தான். இரண்டு ஊர் ஆட்களும் சிரித்த சிரிப்பு உங்களுக்குக் கேட்டிருக்கும். உடனே மெஷினைப் போட்டோம். ஒரு மூட்டைகூடக் கெடவில்லை.

இப்போது கதவில் இரண்டு பூட்டுகள். தினமும் காலையில் மாரியப்பன் முனகிக்கொண்டே இறங்குகிறான், பாப்பாத்தியம்மா வீட்டு டீயைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டாவது டம்ளரும் கேட்கிறான். அங்கே பேசிப் பேசி, பஸ்ஸை மேலே வரைக்கும் விடச் சொல்லி இரண்டு ஊரும் சேர்ந்தே கேட்கலாம் என்று முடிவாகிவிட்டது. முன்பெல்லாம் தனித்தனியாகக் கேட்டு, கிடைக்காமல் இரண்டு ஊர்க்காரர்களும் நடந்தே தேய்ந்தோம்.

அதற்காக வருகிற வெள்ளிக்கிழமை முதல் தடவையாக இரண்டு ஊருக்கும் ஒரே கூட்டம். பஸ் எந்த ஊரில் திரும்புவது என்று கட்டாயம் வாக்குவாதம் வரும். மேலூருக்கு ஏறாமல் உங்கள் ஊரிலேயே திரும்பட்டும் என்று முடிவானாலும் அதை ஒளிக்காமல் அடுத்த வாரம் உங்களுக்கு எழுதுவேன். எங்கள் ஊருக்கு அது தோல்வி என்று எழுத மாட்டேன்.

இரண்டு ஊருக்கும் பொதுவான உங்கள் சம்பந்தி,
வெள்ளையன்