நான் கொடுத்துவிட்ட மாவு

நக்கரோவா, ஆகஸ்ட் 19

அன்பு மகள் அத்திஜாவுக்கு அம்மா எழுதுவது. அங்கே பட்டணத்தில் நீ நலமென்று நம்புகிறேன், இங்கே நலமென்று எழுதக் கை வரவில்லை. முதலில் ஒன்று, போன மாதம் செலெமானேயின் லாரியில் நான் கொடுத்துவிட்ட மரவள்ளி மாவை நீ சமைத்துக்கொண்டிருந்தால் உடனே நிறுத்து. உன் போன் பத்து நாளாக அணைந்தே கிடக்கிறது, அதனால் இதையும் அவனிடமே கொடுக்கிறேன். இன்னும் முன்பே எழுதியிருக்க வேண்டும், தாமதித்துவிட்டேன்.

தம்பி அமாதேவுக்கு நடக்க முடியவில்லை. மூன்று வாரத்துக்கு முன் ஒருநாள் விடிந்ததும் பாயிலிருந்து எழ முடியாமல், "ம்மா, என் கால யாரோ கட்டிப் போட்டுட்டாங்க" என்றான். விளையாடுகிறான் என்று அதட்டினேன். இப்போது கம்பை ஊன்றி, நுனிக்காலில், முழங்கால்கள் ஒன்றோடொன்று உரச நகர்கிறான். நம் தெருவில் மட்டும் நான்கு பிள்ளைகள் இப்படி. செய்வினை என்றார்கள், அப்பா ஓதி நூல் கட்டினார், நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டேன். அது செய்வினையாகவே இருக்கட்டும் என்றுகூட வேண்டினேன், செய்வினை என்றால் செய்தவள் வேறொருத்தி அல்லவா.

உன்னை முதுகில் கட்டிக்கொண்டு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேதியியல் படித்தவள் நான், காரணம் எனக்குத் தெரியும். மழை பொய்த்தது, இனிப்பு மரவள்ளியை வெட்டுக்கிளி மொட்டையடித்தது, கசப்பு வகை மட்டும் நின்றது. பக்கத்து வீட்டு முவானாஷா, "கசப்புக்குக் காவலே வேணாண்டி, பூச்சி தொடாது, பன்னி தொடாது, உன் மாமியாகூடத் திருடமாட்டா" என்று சிரித்தாள். அந்தச் செடி தன் உடம்பில் இரண்டு பொருளைத் தனித்தனியாக வைத்திருக்கிறது, பூச்சி கடித்தால் இரண்டும் கலந்து நஞ்சாகிவிடும், வறட்சியில் அதை இன்னும் கூடுதலாகச் சேர்த்துவைக்கும். கடிப்பது பூச்சியா பிள்ளையா என்று செடிக்குத் தெரியாது. அதற்காகத்தானே சீவிய கிழங்கை மூன்று வாரம் வெயிலில் போடுகிறோம். இந்த முறை வீட்டில் வேறொன்றும் இல்லை, நாலாம் நாளே இடித்துக் களி கிளறினேன். அமாதே "கசக்குதும்மா" என்றான். "தொரைக்கு ருசி கேக்குதோ, முழுங்குடா" என்றது நான்தான். அதே மாவில்தான் உனக்கும் பை கட்டினேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்த மருத்துவர், "இதுக்கு மேல மோசமாகாதும்மா, ஆனா போன காலு போனதுதான்" என்றார். அமாதே கேட்டுக்கொண்டுதான் இருந்தான். மாவின் நஞ்சை எடுக்க அவருடன் வந்த பெண் செய்துகாட்டியதை எழுதுகிறேன், மாவைத் தூக்கி எறியச் சொல்ல எனக்கு வாயில்லை, மாதக் கடைசியில் நீ வேறு என்ன தின்பாய். மாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்து முறத்தில் சுண்டுவிரல் கனத்துக்கு மிகாமல் பரப்பி நிழலில் ஐந்து மணி நேரம் வை, நஞ்சு காற்றோடு போய்விடும், அருகே குனிந்து முகராதே, அன்றைக்கே களி கிளறிவிடு. காராமணி கிடைத்தால் சேர்த்துக்கொள். அவ்வளவுதான் அத்திஜா, ஐந்து மணி நேரம். மூன்று வாரம் பொறுக்க முடியாத எனக்கு அதை யாரும் முன்பே சொல்லவில்லை.

அப்பா உனக்காகத் துஆ செய்கிறார். அமாதே, "அக்காகிட்ட சொல்லாத, நொண்டின்னு கூப்பிடுவா" என்றான், அவனிடம் பேசும்போது எதுவும் தெரியாததுபோல் பேசு. இறைவன் உன்னைக் காப்பானாக. இதைப் படித்ததும் எழுந்து நின்று, குதிகால் இரண்டும் தரையில் படுகிறதா என்று பார். படுகிறது என்று ஒரு சொல் எழுதி செலெமானேயிடம் கொடு. அவன் லாரி வியாழக்கிழமை திரும்புகிறது, நான் சாலையில் நிற்பேன்.

உன் அம்மா
ஸைனா