பழைய கம்ப்யூட்டரில் நான் வைத்த பேர்கள்

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மேகம் வந்து நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது, எங்கள் கடைக்கு வரும் சில பேரைப் போல.

முதலாளி எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். பழைய பில் கம்ப்யூட்டர் போகிறது. புதுசு வருகிறது. தொட்டால் வேலை செய்யுமாம். எனக்குப் பதினாறு வருஷமாகக் கறுப்புத் திரைதான். F4 என்றால் புடவை, F7 என்றால் பேர், F9 என்றால் பில். அஞ்சாங்கிளாஸ் படிப்புக்கு மூன்று பட்டன் போதும்.

“ஆடியில புதுசு ஆரம்பிக்கக் கூடாது எஸ்தரு. ஆவணி ஒண்ணாந்தேதி ஞாயித்துக்கெழம புதுசுல மொத பில்லு. அதுவரைக்கும் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும்.”

“ஆடி மாசம் ஒண்ணா வெக்கலாமா முதலாளி? புதுசப் பிரிச்சி அம்மா வூட்டுக்கு அனுப்பிடுங்க.”

முதலாளி சிரிக்கவில்லை. சலீம் பாய் சிரித்தார். பாய் புடவை விரித்துக் காட்டுகிறவர், என்னைவிட நாலு வருஷம் சீனியர். அவர் சிரித்தால் போதும்.

வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, முட்டிவலி எண்ணெய், நாத்தனார் மகளுக்கு வளையல்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சாஃப்ட்வேர்க்காரம்மா வந்தாள். பேர் நிவேதா. முப்பது இருக்கும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பஸ். வரும்போதே பசி. நம்ம ஆள்.

மத்தியானம் மூன்று மணி வரை பழசில் இருந்ததை எல்லாம் புதுசுக்குக் காப்பி எடுத்தாள். “இதுக்கப்பறம் பழசுல போடற பில்லு மட்டும் கடைசி நாள் தனியா சேத்துப்பேன்க்கா. வேற எதனா மாத்தணும்னா புதுசுல மாத்துங்க” என்றாள். சரி சரி என்றேன். அந்நேரம் வாழைக்காய் பஜ்ஜி வந்திருந்தது.

பஜ்ஜி தின்றுகொண்டே புதுசைத் திறந்தவள் திடீரென்று இருமினாள்.

“அக்கா, கஸ்டமர் பேர்னு இன்னா போட்டு வெச்சிருக்கீங்க?”

உண்மையைச் சொன்னேன். முகூர்த்த நாளில் பில் போட ஐம்பது பேர் நிற்கும்போது யாரிடம் பேர் கேட்பது? போன் நம்பர் மட்டும் கேட்போம். பேர்க் கட்டத்தில் ஆளை நினைவு வைக்க நானே ஒன்று போடுவேன். பில்லில் பேர் வராது, திரையில் மட்டும் வரும். அடுத்த தடவை வந்தால் நம்பரைத் தட்டியதும் யார் என்று தெரிந்துவிடும். “வாங்கக்கா, மயில்கழுத்து புதுசா வந்துக்குது” என்றால் ஜனத்துக்கு எவ்வளவு சந்தோஷம்! முதலாளியே மெச்சியிருக்கிறார்.

பழசில் தமிழ் கிடையாது. தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் தட்டி வைத்திருந்தேன். புதுசு அதைத் தானே தமிழாக்கிவிட்டது. அதுதான் வினை. ஆயிரத்துச் சொச்சம் பேர். நிவேதா சத்தம் போட்டுப் படித்தாள்:

கூரம் மூக்குத்தி
ஏசி காத்துக்கு வரும்
மாமியா கூட வந்தா வாங்காது
வேணா வேணான்னு நாலு வாங்கும்
மயில்கழுத்து மட்டும்
பட்டு டீச்சர் (பருத்தி எடுக்கும்)
பாய்கிட்ட மட்டும் சிரிக்கும்

பாய் அந்தக் கடைசி ஆள் யார் என்று மூன்று தடவை கேட்டார். சொல்லவில்லை.

சிரித்து முடித்ததும் நிவேதா ஒன்று சொன்னாள். ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்லா கஸ்டமருக்கும் புதுசிலிருந்து வாழ்த்து மெசேஜ் போகும். பேர் போட்டு.

எனக்கு ஒரே ஒரு பேர்தான் ஞாபகம் வந்தது. ஓரிக்கை சுலோசனா.

மூன்று வருஷத்துக்கு முன்னே மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுத்தாள். அரக்கில் பச்சை பார்டர். நாலு நாள் இருக்கும்போது கல்யாணம் நின்றுவிட்டது. ஒரு மாசம் கழித்துத் துண்டு வாங்க வந்தவளிடம், அப்போது கவுண்டரில் இருந்த ஒருத்தன், “கல்யாணம் ஜோரா நடந்துச்சாம்மா?” என்று அத்தனை பேர் நடுவில் கேட்டுவிட்டான். துண்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கே அவள் நம்பரில் தட்டினேன்: கல்யாணம் நின்னது கேக்காதே. பிறகு மெல்ல வர ஆரம்பித்தாள். ஒருத்தரும் கேட்டதில்லை.

அந்தப் பேரை நிவேதாவோ முதலாளியோ படிக்க வேண்டாம். எல்லாரும் டீக்குப் போனபோது கறுப்புத் திரையைத் திறந்தேன். F7. அழித்தேன். சுலோசனா என்று தட்டினேன். நன்றாகப் பார்த்தேன். சுலோசனாதான்.

பருப்பு வாங்க மறந்தாச்சு.

ஆகஸ்ட் 13, புதன்

முதலாளிக்கு விஷயம் தெரிந்தது. “ஒன் வாய்க்கு ஒரு பூட்டுப் போடணும், ஒன் விரலுக்கு ரெண்டு” என்றார். சனிக்கிழமைக்குள் எல்லாருக்கும் போன் போட்டு அசல் பேர் கேட்டுப் புதுசில் ஏற்ற வேண்டும். நானும் பாயும்.

நிவேதா புதுசிலிருந்து முழு லிஸ்டையும் பேப்பரில் எடுத்துக் கொடுத்தாள். முதலில் வாங்கியது நான். ஓரிக்கை வரியில் இன்னும் பழைய பேர்தான்; நான் மாற்றும் முன்னே எடுத்த லிஸ்ட் என்று நினைத்து, பாய் கைக்குக் கொடுக்கும் முன்னே அதைப் பேனாவால் கறுப்பாக அடித்தேன்.

பாய் அதைப் பார்த்தார். எது என்று அவருக்குத் தெரியும். குரலைத் தாழ்த்தி, “அத மொதல்ல மாத்துமா” என்றார்.

“நேத்தே மாத்திட்டேன் பாய்.”

“நல்லதாப் போச்சி.”

மழை தூறல். காயப்போட்ட துணி நனைந்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

போன், போன், போன். காது சுடுகிறது.

“பேரு இன்னாம்மா உங்களுக்கு?”
“இத்தன வருசமா வர்றேன், எம்பேரு தெரியாதா?”
“தெரியும்மா. இனிஷியல் விட்டுப்போச்சி.”

இனிஷியல் என்றால் எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். பாய்க்கும் கற்றுக்கொடுத்தேன்.

ஏசி காத்துக்கு வரும் = பங்கஜம். குரலே குளுகுளு.
கூரம் மூக்குத்தி = நாகரத்தினம். கூரத்திலிருந்து வருவாள்; பேரில் ரத்தினம், மூக்கில் ஏழு கல்.
மாமியா கூட வந்தா வாங்காது: போனை மாமியாரே எடுத்தாள். வைத்துவிட்டேன்.

பாய்கிட்ட மட்டும் சிரிக்கும் ஆளுக்குப் பாயையே போன் போடச் சொன்னேன். “ரொம்ப கோவமாப் பேசிச்சி” என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். அவர் போட்டது ராங் நம்பராம். நாள் பூராவும் இதைச் சொல்லிச் சொல்லி ஓட்டினேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றி மிட்டாய். எனக்கு ரெண்டு. ஆடி வெள்ளி வேறு, காமாட்சி கோவில் பக்கம் கால் வைக்க இடமில்லை. கடையிலும் கூட்டம். அம்பது பேருக்குத்தான் போன் போட முடிந்தது.

புதுசில் பில் போட்டுப் பழகினேன். விரல் தடிமன், ஒன்றைத் தொட்டால் மூன்று திறக்கிறது. நிவேதா பொறுமைசாலி. “மெதுவா அக்கா, அதுக்கு வலிக்கும்” என்கிறாள். என் வாய் ஒட்டிக்கொண்டது அவளுக்கு.

ஆகஸ்ட் 16, சனி

முடிந்தது. போன் எடுக்காதவர்களுக்கு எல்லாம் “வாடிக்கையாளர்” என்று போட்டாகிவிட்டது. பேப்பரில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே டிக். கறுப்பு வரிக்கு டிக் தேவையில்லை.

முட்டி வலி. எண்ணெய் தேய்த்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. ஆவணி 1

விடியற்காலை ஆராதனைக்குப் போய்விட்டு நேரே கடை. புது கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், கதம்பம். முதலாளி தேங்காய் உடைத்தார். முதல் பில் நான்தான் போட்டேன். ஒன்றைத் தொட்டால் ஒன்றுதான் திறந்தது.

பத்து மணிக்கு மெசேஜ் போனது. எல்லாரும் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டோம். எனக்கும் வந்தது: அன்பு எஸ்தர் அவர்களுக்கு. பாய் கை தட்டினார்.

பத்தே காலுக்குக் கடை போன். எடுத்தேன்.

“இது யாரு அனுப்பிச்சது?”

குரல் தெரிந்தது. சுலோசனா. அவளே படித்தாள், ஸ்கூல் பிள்ளை பாடம் படிப்பதுபோல, ஒரே மாதிரி: “அன்பு கல்யாணம் நின்னது கேக்காதே அவர்களுக்கு ஆவணி முகூர்த்த நல்வாழ்த்துகள். உங்கள் இல்லத் திருமணத்துக்கு எங்கள் பட்டு.”

வைத்துவிட்டாள்.

பழசைத் திறந்தேன். சுலோசனா. புதுசைத் திறந்தேன். அதேதான், பெரிய எழுத்தில், அழகான தமிழில்.

நிவேதா வந்து பார்த்துவிட்டுக் கேட்டாள். “எப்பக்கா மாத்தினீங்க?”

“செவ்வாக்கெழம. டீ டைமுல.”

“மூணு மணிக்கே காப்பி எடுத்தாச்சேக்கா. அதுக்கப்பறம் பழசுல மாத்தினா புதுசுக்கு வராதுன்னு சொன்னேனே.”

சொன்னாள்தான். ஆயிரம் பேரில் ஊர் அறிய மாற்றியது எல்லாம் சரியாக மாறிவிட்டது. யாருக்கும் தெரியாமல் மாற்றியது ஒன்றுதான் மாறவில்லை.

முதலாளி கத்தவில்லை. அது இன்னும் மோசம். “மன்னிப்பு மெசேஜ் ஒண்ணு அனுப்பலாமா?” என்றார்.

“வேணாங்க. மெசேஜு போதும்” என்றேன்.

இன்றைக்கு முப்பத்தாறு பில். ஒருத்தரையும் கிண்டல் செய்யவில்லை. பாய் ரெண்டு தடவை “ஒடம்பு சரியில்லியா?” என்று கேட்டார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலை ஏழு மணிக்கு ஓரிக்கை. ஷேர் ஆட்டோ. கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. பழம் வாங்கலாமா என்று யோசித்தேன். பழத்தோடு போனால் பெண் பார்க்கப் போனது மாதிரி இருக்கும்.

சுலோசனா வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தாள். தேய்த்தாள்.

“நான்தாம்மா எழுதினேன். கிண்டலுக்கு இல்ல. மத்ததெல்லாம் கிண்டலு. இது இல்ல.”

“யாருக்கு எழுதின?”

“கவுண்டர்ல இருக்கறவங்களுக்கு. அன்னிக்கு அவன் கேட்டான் பாரு, அந்த மாதிரி இன்னொருத்தன் கேக்கக் கூடாதுன்னு.”

“அப்ப எல்லாரும் படிச்சிருக்காங்க.”

“ம்.”

“நான் வந்து நிக்கும்போதெல்லாம்.”

“ஆமாம்மா.”

குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். கோபமாகத் திட்டுவாள் என்று நின்றேன். திட்டினால் வாங்கிக்கொள்வதற்கு நான் தயாராகத்தான் போயிருந்தேன்.

“தெருவுல போனா கேக்கறாங்க. கோயிலுக்குப் போனா கேக்கறாங்க. ரேஷன்ல கேக்கறாங்க. பொண்ணு பெங்களூருக்கே போயிட்டா வேலைக்கி, இன்னும் கேக்கறாங்க. உங்க கடையில மட்டுந்தான் கேக்கல. அவங்களுக்கு ஞாபகம் இல்லன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அதுக்கோசரந்தான் அங்க வந்துக்கினு இருந்தேன், ஒரு கர்சீப் வாங்கணும்னாக்கூட.”

என் காலடியில் கிடந்த சொம்பை எடுத்து அவள் பக்கம் வைத்தேன்.

“அந்தப் பேர எடுத்துடு. எம்பேரும் வேணாம். ஒண்ணும் வேணாம்.”

“எடுத்துடறேம்மா.”

“டீ குடிக்கிறியா?”

வேண்டாம் என்றேன். அவளும் மறுபடி கேட்கவில்லை.

கடைக்கு வந்து நிவேதாவிடம் சொன்னேன். ஆளை முழுசாக எடுக்க முடியாதாம், பழைய பில் எல்லாம் அதில் தொங்குகிறது. பேரை எடுக்கலாம், ஆனால் கட்டத்தைக் காலியாக விட்டால் புதுசு ஏற்றுக்கொள்ளாது. ஒரு புள்ளி வைத்தோம். நம்பரையும் எடுத்தோம். அரக்குப் புடவை பில் இப்போது ஒரு புள்ளியின் பேரில் இருக்கிறது.

இந்தத் தடவை நானே தொட்டேன். புதுசில்.

ஆகஸ்ட் 20, புதன்

நல்ல மழை. கடைக்குள் செருப்பு ஈரம். முகூர்த்தக் கூட்டம். புதுசு ரெண்டு தடவை நின்று ஓடியது. பருப்பு ஒருவழியாக வாங்கியாச்சு.

பேர் கேட்டுத்தான் போடுகிறேன். ஒருத்தி “நீங்களே எதனா போட்டுக்கங்க” என்றாள். மாட்டேன் என்றுவிட்டேன். முதலாளி திரும்பிப் பார்த்தார்.

சுலோசனா வரவில்லை. வர மாட்டாள். பாய் மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். “வேற ஆளுக்குப் பாக்கறேன்” என்கிறார். பொய் சொல்ல வராது பாய்க்கு.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஒன்றும் விசேஷமில்லை. டீ ஆறிப்போய் வந்தது. நாத்தனார் மகளுக்கு வளையல் சின்னது, மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 23, சனி

பதினோரு மணி. நல்ல கூட்டம். ஒரு வாழைத்தண்டு பச்சைப் புடவை கவுண்டருக்கு வந்தது. நிமிர்ந்தால் சுலோசனா.

பாய் தூரத்தில் மேலே ஃபேனைப் பார்த்தபடி நின்றார். அவர்தான் எடுத்துக் காட்டியிருக்கிறார். ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

அவளும் என்னைப் பார்த்தாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளைப் பார்ப்பதுபோல. புரிந்தது.

“மொத தடவ வர்றீங்களாம்மா?”

“ஆமா.”

“போன் நம்பரு?”

வேறு நம்பர் சொன்னாள். மகளுடையதாக இருக்கும். போட்டேன்.

“பேரு?”

கொஞ்சம் யோசித்தாள். “கலா.”

கலா என்று போட்டேன்.

“ஊரு?”

“கூரம்.”

கூரம்.

அடுத்தது விசேஷம் என்று ஒரு கட்டம். புதுசாக வருகிற ஆளுக்கு மட்டும் கேட்கும். கல்யாணம், வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று வரிசையாக இருக்கும், ஒன்றைத் தொட்டால்தான் பில் வரும். என் விரல் அப்படியே நின்றது. நான் கேட்கவில்லை. பின்னால் ஏழெட்டுப் பேர். “இன்னாமா லேட்டு?” என்று ஒருத்தர் குரல் கொடுத்தார்.

அவளே எட்டித் திரையைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

“சும்மா கட்டிக்கன்னு போடு.”

“அது இதுல இல்லம்மா.”

“அப்ப போடு.”

நிவேதாவுக்கு போன் போட்டேன். பஸ்ஸில் இருந்தாள். ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றேன். திங்கட்கிழமை சேர்க்கிறேன் என்றாள். இப்பவே என்றேன். என் குரலைக் கேட்டு மறுபேச்சில்லாமல் பஸ்ஸிலேயே லேப்டாப்பைத் திறந்திருக்கிறாள். பத்து நிமிஷம். சுலோசனா பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றாள். வரிசையில் இருந்தவர்களைப் பாய் பழைய கவுண்டர் பக்கம் இழுத்துப்போய் ஏதோ புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

கிரகப்பிரவேசத்துக்குக் கீழே புது வரி வந்தது. சும்மா கட்டிக்க. தொட்டேன். பில் வந்தது.