வாய் உன்னுடையது, குரல் யாருடையது?

கோவளம்
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஹம்னாவுக்கு அம்மா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே அத்தா, நான், உன் தம்பி அஜ்மல் எல்லோரும் சுகம், கிளாஸ்கோ குளிரில் நீயும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் கேட்டால் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுவாய், வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம் என்றால் பக்கத்திலேயே உன் அத்தா இருக்கிறார், சர்க்கரையில் கண் போனதிலிருந்து அவருக்குக் காதுதானே எல்லாம். அதனால்தான் தாளில் எழுதுகிறேன், அஜ்மல் இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவான்.

அன்றைக்கு அஜ்மல் சிறுசேரி ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக, அக்கா ஆன்லைன் மீட்டிங்கில் பேசியதை அவள் கம்பெனியே வீடியோவாகப் போட்டிருக்கிறது என்றான். அத்தா வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். போனை டிபன் டப்பாவில் சாய்த்து வைத்தோம். நீ வந்தாய், நான் அனுப்பிய பச்சைத் துப்பட்டாதான் போட்டிருந்தாய், வாயைத் திறந்தாய், உள்ளேயிருந்து யாரோ ஒரு வெள்ளைக்காரியின் குரல் வருகிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று நினைத்து, போனைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் பார்க்கிற மதார் சாகிப் கடைக்கு ஓடினேன். அவர் போட்டுக் கேட்டுவிட்டு, "போனு நல்லாத்தாம்மா கீது, அந்தப் பொண்ணு பேசுறதே அப்டித்தான்" என்றார். ஓடுகிற வீடியோவோடு போனை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால் அத்தா அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். "இன்னா சைனம்பு, அந்தம்மாவே பேசிகினு கீது, நம்ம பொண்ணு எப்போ பேசும்" என்று கேட்டார்.

அப்புறம்தான் அஜ்மல் உனக்கு மெசேஜ் போட்டுக் கேட்டுவிட்டு, என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னான். பேச்சை வெள்ளைக்காரர் பேச்சாக மாற்றுகிற சாப்ட்வேராம், குரலையும் சேர்த்து மாற்றிவிடுமாம், கம்பெனி சொல்லவில்லை, நீயாகவே போட்டுக்கொண்டாயாம். ஒரு மீட்டிங்கில் நீ சொன்னதைத் திரும்பத் திரும்பக் கேட்டு யாரோ சிரித்தார்களாம். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன் மகளே, அடுத்தது சொன்னான் பார், தலையில் இடி விழுந்தது. வருகிற புதன்கிழமை பெரிய ஆபீஸில் எல்லோருக்கும் முன்னால் நேரில் நின்று உன் வேலையைப் பற்றிப் பேச வேண்டுமாம், நன்றாகப் பேசினால் நீதான் டீம் லீடராம், நேரில் அந்த சாப்ட்வேர் நடக்காது என்பதால் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுக் கூட வேலை செய்கிறவளைப் பேசச் சொல்லப் போகிறாயாம். அடிப் பாவி, வருஷம் முழுக்கத் தூக்கம் கெட்டு நீ செய்த வேலைக்கு இன்னொருத்தி பேர் வாங்குவாளா? இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதையாக அல்லவா இருக்கிறது.

திரும்பச் சொல் என்றால் திரும்பச் சொல்லிவிட்டுப் போயேன், அதில் என்ன குறைந்துவிடும். அந்த வீடியோவில் உன் மேனேஜர் பேசியது அஜ்மலுக்கே பாதி விளங்கவில்லை, அவருக்கு யார் சாப்ட்வேர் போட்டார்கள்? சிரிக்கிறவன் சிரிக்கட்டும், உன் வேலை உனக்குத்தானே தெரியும். அவசரப்படாதே, ஒவ்வொன்றாகச் சொல், நடுவில் தண்ணீர் குடி. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று உன்னைப் பார்த்துத்தான் இந்தத் தெருவே சொல்லும், அந்த வாயை அடகு வைத்துவிட்டாய் என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

மற்றபடி ஜன்னா மாமி மகளுக்கு அச்சரப்பாக்கத்தில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், நல்ல இடம். நெத்திலிக் கருவாடு காய வைத்திருக்கிறேன், லண்டன் வரும் நம் தெரு ஜாவித் கையில் கொடுத்தனுப்புகிறேன், அங்கிருந்து உனக்குத் தபாலில் போடுவான். காலுக்கு உறை போடாமல் தூங்காதே.

அத்தாவுக்கு இதெல்லாம் தெரியாது. அன்றைக்கு உனக்குப் பேச வாய்ப்பே கொடுக்கவில்லை, புதன்கிழமை நீதான் பேசுகிறாய் என்று சொல்லிவிட்டேன். மனிதர் அதை நம்பிப் பள்ளிவாசலில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். நாவின் முடிச்சை அவிழ்க்கும் துஆவை ஓதிக்கொண்டு உள்ளே போ, அல்லாஹ் உனக்குத் துணையிருப்பான். யாரிடமாவது சொல்லி, நீ பேசுவதைப் பதிவு செய்து அத்தாவுக்கு அனுப்ப மறக்காதே.

இப்படிக்கு,
கண் தெரியாத மனிதரிடம் உனக்காகப் பொய் சொல்லிவிட்டு, அது பொய்யாகிவிடக் கூடாதே என்று தவிக்கும் உன் அம்மா
சைனம்பு