ஏரிக்கு நடுவே ஒரு பழுப்புக் கோடு

மார்ச் 3, ஞாயிறு

என் வரைபடத்தில் மண்பாதைகளை இனி ஆரஞ்சு நிறத்தில் அல்ல, பழுப்பு நிறத்தில் காட்டுவதென்று இன்று காலை பத்தேகாலுக்கு முடிவு செய்யப்பட்டது. விஷயம் நான்கு ஆண்டுகளாகப் பரிசீலனையில் இருந்தது. கூட்டத்தில் கலந்துகொண்டவன் நான் ஒருவன்தான் என்றாலும் விவாதம் கடுமையாகவே நடந்தது. முடிவை மனைவியிடம் அறிவித்தேன்.

"சரிங்க. அந்த வெங்காயத்தைக் கொஞ்சம் உரிச்சுத் தர்றீங்களா?" என்றாள்.

காரோடு வந்த ஜி.பி.எஸ். கருவிக்குத் தார் முடியும் இடத்தில் உலகமும் முடிந்துவிடுகிறது. மலைக்குப் பின்னால் இறங்கினால் திரை முழுக்க வெறும் சாம்பல். அதன் நடுவில் என் கார் ஓர் அம்புக்குறியாக, நாதியில்லாமல் நிற்கும். "சாலைக்குத் திரும்பவும்" என்று உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் கெஞ்சும். அந்தச் சாம்பலுக்குள் நானே ஓட்டி, நானே பதிந்து, கணினியில் நானே வரைந்து, கருவிக்குப் புரியும்படி மாற்றி ஏற்றிய பாதைகள் ஆயிரத்து நூறு கிலோமீட்டர். கல்குவாரி வழி, விறகு லாரி வழி, மழை பெய்தால் மூழ்கும் தரைப்பாலம், எப்போதும் பூட்டியே கிடக்கும் இரும்புக் கதவு, எல்லாம் உண்டு.

அச்சகத்தில் முப்பது ஆண்டுகளாக அடுத்தவர் எழுதிய சட்டப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறேன். ஒன்றில்கூட என் பெயர் கிடையாது. இது ஒன்றுதான் என்னுடையது.

மார்ச் 17, ஞாயிறு

மைத்துனன் சாப்பிட வந்தான். ஜீப்பில் ஆட்களை ஏற்றி மலைப்பக்கம் சுற்றிக்காட்டுவது அவன் தொழில். போன வருடம் "சும்மா பாத்துட்டுத் தர்றேன் மாமா" என்று என் வரைபடத்தை ஒரு மெமரி கார்டில் வாங்கிப்போனான். பார்த்துவிட்டான் போலிருக்கிறது. இன்று தன் புதிய வரைபடம் என்று ஒன்றைக் காட்டினான். மூலையில் புலித்தலை. அதன் கீழே, "கள ஆய்வு, வடிவமைப்பு" என்று அவன் பெயர்.

பழைய குவாரிக்குப் பக்கத்தில் நான் எழுதிவைத்திருந்த குறிப்பு அப்படியே இருந்தது: "நாய். கறுப்பு. பேசிப் பயனில்லை."

"இது என்னுது" என்றேன்.

"பாதை எல்லாருக்கும் பொதுதானே மாமா. நீங்களும் போனீங்க, நானும் போனேன். யார் வரைஞ்சாலும் அதேதானே வரும்?"

"நாய்?"

"அது என்னையும் துரத்துச்சு மாமா."

மனைவி சிரித்துவிட்டாள். அவன் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தம்பிதானே. அவனுக்கும் பொழப்பு ஓடணும். நீங்க போட்டதுன்னு எனக்குத் தெரியும். போதாதா?"

போதாது. (சொல்லவில்லை.)

மார்ச் 24, ஞாயிறு

இல்லாத பாதை ஒன்றை வரைந்தேன்.

காய்ந்த ஏரியின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு, பதினோரு வளைவுகளோடு. மேலே பார்த்தால் வெடித்த மண். கீழே சேறு. ஆடுகூட இறங்காது. எவனும் போகாத வழி, ஆகவே எவனும் பதிந்திருக்க முடியாத வழி. இது அவன் வரைபடத்தில் வந்தால், என்னையும் துரத்தியது என்று சொல்ல முடியாது. வளைவுகளுக்கு மிகவும் சிரத்தை எடுத்துக்கொண்டேன். பொய்யில் கவனக்குறைவு கூடாது.

ஒரே ஒரு சங்கடம். கோட்டின் மேற்கு முனையை, கரைமேல் போகும் உண்மையான பாதைக்கு நாலடி முன்னாலேயே நிறுத்தியிருந்தேன். முனை ஒட்டாத கோடு கருவிக்கு வெறும் படம். ஒட்டினால்தான் அதை வழியென்று எடுத்துக்கொண்டு ஆளை அதன்மேல் அனுப்பும். ஆகவே ஒட்டாமல் விடுவதுதான் சரி. பத்து நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தரத்தில் தொங்கியது, முற்றுப்புள்ளி வைக்காத வாக்கியம் மாதிரி. பார்க்கச் சகிக்கவில்லை.

ஒட்டினேன். அழகாக இருந்தது.

மார்ச் 31, ஞாயிறு

"புதுசா எண்பது கிலோமீட்டர் சேத்திருக்கேன், வச்சுக்கோ" என்று கார்டைக் கொடுத்தேன்.

"மாமான்னா மாமாதான்!" என்று என் தோளில் தட்டினான். மனைவிக்கு முகமெல்லாம் பல். "அப்பாடா, சண்டை தீந்துச்சா" என்று இருவருக்கும் டீ கொண்டுவந்தாள். என் டீயில் சர்க்கரை ஒரு கரண்டி கூடுதல்.

என் காரில் இருப்பது வேறு கார்டு. அதில் ஏரி, ஏரியாகவே இருக்கிறது.

ஏப்ரல் 9, செவ்வாய்

ஒன்பதே நாள். அவன் வரைபடத்தில் வந்துவிட்டது! பதினோரு வளைவும் பிசகாமல். பெயர்கூட வைத்திருக்கிறான்: "புலிப்பாதை. எங்கள் குழு கண்டுபிடித்த ரகசியக் குறுக்குவழி."

28ஆம் தேதி சுற்றுலா நடத்துபவர்களின் சங்கக் கூட்டம். அவன் பேசுகிறான். தலைப்பு, "கள ஆய்வில் என் அனுபவங்கள்". இரண்டு வரைபடங்களையும் பெரிதாக அச்சிட்டு வைத்திருக்கிறேன். எழுந்து ஒரே கேள்விதான் கேட்கப்போகிறேன்: தம்பி, இந்த ஏரியை எந்த வண்டியில் கடந்தீர்கள்?

அதற்குள் யாராவது அதில் போய்விட்டால்? போகமாட்டார்கள். கண் இருப்பவன் ஏரியில் இறங்கமாட்டான்.

ஏப்ரல் 20, சனி

நாளை அவன் கூட்டிப்போகும் குழுவோடு மனைவியும் போகிறாளாம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மலைக்கு அந்தப் பக்கம் அவள் போனதேயில்லை. நான் கூப்பிட்டதில்லை. அளவெடுக்கும்போது பேச்சு கூடாதே.

"எங்க போறீங்க?"

"அருவிக்கு."

"எந்த வழி?"

"நீங்க போட்ட வழிதான். வேற எந்த வழி இருக்கு?" பெருமையாகத்தான் சொன்னாள்.

அருவி வடக்கே. அந்தப் பாதை ஏரியைத் தொடவே தொடாது. வீட்டுக் கணினியில் மூன்று முறை பார்த்தேன். சொல்லிவிடலாமா? சொன்னால் அக்கா தம்பியிடம் சொல்லாமல் இருப்பாளா? இன்னும் எட்டே நாள்.

சொல்லவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

மூன்றரை மணிக்கு மழை. அவள் போன் எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 22, திங்கள்

திரும்பி வரும்போது தரைப்பாலம் மூழ்கிவிட்டது. (மூழ்கும் என்று என் வரைபடத்தில் தெளிவாக இருக்கிறது.) வேறு வழி காட்டு என்று கருவியை அழுத்தியிருக்கிறான். இருப்பதில் தூரம் குறைந்ததை, ஏரிக் கோட்டை, அது காட்டியது. பதினான்கு கிலோமீட்டர் மிச்சம். கொட்டுகிற மழையில் கரை எது, ஏரி எது என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் தயங்கினாளாம். "மாமா போட்ட பாதைதான்க்கா, கண்ணை மூடிக்கிட்டுப் போலாம்" என்றானாம்.

ஜீப் கதவுவரை புதைந்துவிட்டது. குதித்தபோது அவள் வலது கால் சேற்றுக்குள் மாட்டித் திருகிக்கொண்டது. கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. நாலு பேர் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு மூன்று மணி நேரம் நடந்திருக்கிறார்கள். இன்று காலை தகடு வைத்துத் தைத்தார்கள். பழையபடி நடப்பாள் என்று டாக்டர் சொல்லவில்லை. நடப்பாள் என்றார்.

நாலடி. நாலே அடி விட்டிருந்தா கருவி அந்தப் பக்கமே திரும்பியிருக்காது. ஏன்டா ஒட்டினே? எவன் பாக்கப்போறான்னு ஒட்டினே?

ஏப்ரல் 24, புதன்

ஆஸ்பத்திரி வார்டு. ஜீப்பில் போன ஆட்கள் மைத்துனனைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்டார்கள். அவன் என்னைக் கைகாட்டினான்.

"சத்தியமாச் சொல்றேங்க, இந்த மேப்பை வரைஞ்சது எங்க மாமா. முழுக்க முழுக்க அவர் உழைப்பு. நான் ஒரு கோடுகூடப் போடல."

ஏழு சாட்சிகள் முன்னிலையில், கேட்காமலே. நர்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஏப்ரல் 26, வெள்ளி

யாரும் இல்லாத நேரம் பார்த்து அவளே பேச்செடுத்தாள்.

"ஏங்க இப்படிச் சாப்பிடாம கிடக்குறீங்க? விடுங்க. ஆயிரம் கிலோமீட்டர்ல ஒரு கோடு தப்பாப் போச்சு. மனுஷன்தானே. தம்பிகிட்டயும் சொல்லிட்டேன், இனிமே மாமாவை யாரும் ஒண்ணும் கேக்கக்கூடாதுன்னு."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். அதோடு முடிந்திருக்கும்.

"தப்பு இல்ல" என்றேன். "நான் தப்பா வரையமாட்டேன். அது தெரிஞ்சே போட்டது."

"தெரிஞ்சேன்னா?"

சொன்னேன். புலித்தலை, நாய், பதினோரு வளைவு, 28ஆம் தேதிக் கூட்டம். குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டாள். என் வரைபடத்தைப் பற்றி அவள் இவ்வளவு நேரம் கேட்டது இதுதான் முதல் தடவை.

"உள்ள சேறுன்னு தெரியுமா?"

"தெரியும்."

"நான் போறேன்னு சனிக்கிழமையே சொன்னேனே."

"அருவிக்குப் போற வழியில அது இல்ல. மூணு தடவை பாத்தேன்."

"பாத்தீங்களா?" என்றாள். "பாத்துட்டுத்தான் பேசாம இருந்தீங்களா?"

போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கால் ஒத்துழைக்காததால் திரும்ப வெகுநேரம் ஆயிற்று. பிடிக்கப் போனேன். "வேணாம்" என்றாள்.

ஏப்ரல் 28, ஞாயிறு

கூட்டம் நடந்ததாம். போகவில்லை.

மே 2, வியாழன்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தம்பி வீட்டுக்கு.

மே 12, ஞாயிறு

மைத்துனனின் வரைபடம் புதுப் பதிப்பு வந்திருக்கிறது. ஏரிக் கோட்டை எடுத்துவிட்டார்கள். நாய் அப்படியே இருக்கிறது. மூலையில் புலித்தலைக்குக் கீழே, "வரைந்தவர்" என்று என் பெயர். முதலெழுத்துகூடச் சரியாக இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பிழை எதுவும் இல்லை.

பிற்பகல் அவனுடைய ஜீப் வந்தது. அவளுடைய இரண்டு பெட்டிகளையும் தையல் மெஷினையும் ஏற்றிக்கொண்டு போனது.