எந்த கிட் வேண்டும் என்று கேட்டாயே

என் தங்கத் தம்பிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும், எப்போது பார்த்தாலும் நம் வீட்டிலேயே கிடக்கும் மாடிவீட்டுப் பூனையும் சுகமாகவே இருக்கிறோம், சுகத்துக்குக் குறைச்சல் இல்லை, தூக்கத்துக்குத்தான் குறைச்சல், அதுவும் சந்தோஷத்தினால் வந்த குறைச்சல். நீயும் மருமகளும் பேத்தியும் சளி, காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும், வேறென்ன கேட்கப் போகிறேன். முன்பல் விழுந்த வாயோடு அவள் சிரிக்கிற படத்தை ஒர்க்‌ஷாப்பில் என் தையல் மெஷின் மேல் ஒட்டியிருக்கிறேன், பார்க்கிறவர்கள் எல்லாம் உன்னைப் போலவே இருக்கிறாள் என்கிறார்கள், சம்பந்தியம்மா மட்டும் தன் பக்கத்து ஜாடை என்று சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ ரெண்டு ‘ம்’ போடுகிறாய், அதில் எது கேட்டுவிட்டுப் போட்ட ‘ம்’, எது கேட்காமல் போட்ட ‘ம்’ என்று பிரிப்பதற்குள் லைன் போய்விடுகிறது. எனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதியிருக்கிறேன், தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள், திருப்பி அனுப்பாதே.

மூணு டியூப் ஆம்ப் கிட் பார்த்து வச்சிருக்கேன், எது வேணும்னு சொல்லும்மா, இங்கேயே வாங்கிடறேன் என்றாய். சரி, எடுத்துக்கிட்டு எப்போடா வருவே என்று கேட்டேன். பார்க்கலாம்மா என்றாய். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோதும் பார்க்கலாம், உன் அக்கா சொந்தமாகக் கடை திறந்தபோதும் பார்க்கலாம், நீ பார்த்ததும் இல்லை, அப்பாவுக்குக் கண் தெரிந்து அவர் உன்னைப் பார்த்ததும் இல்லை. இதை நான் குத்திக்காட்டவில்லை, ஞாபகம் வந்தது, எழுதினேன்.

கிட் விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் கிடார் சத்தத்தைப் பெரிதாக்குகிற அந்த ஆம்ப் பெட்டி. எனக்கு ஏன் இந்த வெறி என்று மருமகள் கேட்டாளாமே, அவளுக்கும் படித்துக் காட்டு. நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அழுது அடம்பிடித்து வாங்கிக்கொண்டு, விரல் வலிக்குதும்மா என்று பீரோ மேல் தூக்கிப் போட்டாயே ஒரு கிடார், அதை எடுத்துத் துடைத்து வாசிக்கக் கற்றுக்கொண்டவள் நான், அது உனக்குத் தெரியும். காஜா மெஷினில் உட்கார்ந்து பொத்தான் துளை போடுகிறவள் டிரம் அடிக்கிறாள், அயர்ன் போடுகிற நெட்டை இன்னொரு கிடார் வாசித்துக்கொண்டு பாடுகிறாள், நாங்கள் மூன்று பேர்தான் கோஷ்டி, இதுவும் தெரியும். தெரியாதது, எங்கள் சூப்பர்வைசர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வைத்த கூட்டத்தில் நடந்தது. மைக்செட்காரனுடைய பெட்டியில்தான் எங்கள் கிடாரைச் சொருகியிருந்தோம். ரெண்டு பாட்டு முடிந்து மூன்றாவதில், நெட்டை பாடி நிறுத்த நான் தனியாக வாசிக்க வேண்டிய இடம், ஒரு மாதம் சமையல் கட்டில் நின்று பழகிய இடம், கையை ஓங்குகிறேன், அந்த மனிதன் ஒயரைப் பிடுங்கிவிட்டான். என் கம்பி மட்டும் கொசு மாதிரி ஙொய் என்கிறது. அவன் மைக்கைப் பிடித்து, அக்காமாருக்கு மூச்சு வாங்கும், உட்காரட்டும் என்றான், கூட்டம் கைதட்டியது. அன்றைக்கு அவன் சட்டையில் மேலிருந்து மூன்றாவது பொத்தான் வேறு கலர் நூலில் தைத்திருந்தது, அதுவரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஒர்க்‌ஷாப் ஆண்டு விழா வருகிறது. பெட்டி வேணும்னா கேளுங்கக்கா, தாராளமா தர்றேன் என்று வழியில் நிறுத்திச் சொல்கிறான். நாக்கு அழுகினாலும் கேட்பேனா. சொந்தப் பெட்டியில் வாசிப்பேன், இல்லாவிட்டால் வாசிக்கவே மாட்டேன் என்று முதலாளியிடமே சொல்லிவிட்டேன்.

கடையில் விற்கிற ரெடிமேட் பெட்டி போதாதா என்று முதலில் நீயும் கேட்டாய். எங்களிடம் யூனிபார்ம் தைக்கக் கொடுக்கிற பள்ளிக்கூடத்துப் பேண்டு வாத்தியார் வீட்டில் ஒரு பழைய பெட்டி இருக்கிறது, நம் டியூப் லைட் இல்லை, பழைய ரேடியோவுக்குள் சிவப்பாக எரியுமே கண்ணாடிக் குப்பி, அந்த டியூப் போட்டது. போட்டவுடனே பேசாது, சூடேற வேண்டும், உன் அப்பாவைக் காலையில் எழுப்புவது மாதிரி. நான் மெதுவாகத் தட்டினேன், மெதுவாகச் சொன்னது. மைக்செட்காரனை நினைத்துக்கொண்டு ஒரு போடு போட்டேன், அது உறுமியது பார், வாத்தியார் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். மைக்செட்காரன் பெட்டி நீ எப்படி அடித்தாலும் ஆபீஸில் சொல்கிற பதில் மாதிரி ஒரே குரலில் சொல்லும். இது அடிக்கிறவள் மனசு தெரிந்து பேசுகிறது. அந்த டியூப் பெட்டி கடையில் நம்மால் வாங்க முடியாத விலை, கிட்டாக வாங்கி நாமே ஒயர் பற்றவைத்துச் சேர்த்தால் முடியும் என்றார் வாத்தியார். கிட் என்றால் எனக்குப் புரியாதா, வெட்டின துணி, நூல், பொத்தான் எல்லாம் ஒரு கட்டாகக் கட்டி நம் மேஜைக்கு வருகிறதே, அதுதான்.

இனிமேல்தான் கூத்து. நீ அனுப்பின மூன்று கிட் படத்தையும் போனில் பார்த்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று, கணக்கு எழுதுகிற பெண்ணிடம் கொடுத்து, பேட்டர்ன் அச்சடிக்கிற மெஷினில் போடச் சொன்னேன். அந்த மெஷினுக்குத் தாளை நிரப்பித்தான் பழக்கம், கட்டிங் மேஜை நீளத்துக்கு மூன்றையும் அடித்துத் தள்ளிவிட்டது. எங்கள் தொழிலில் தாளில் என்ன அளவோ அதுதான் உருப்படியின் அளவு, சட்டைக்கை தாளில் எவ்வளவோ துணியிலும் அவ்வளவுதான், இத்தனை வருஷத்தில் தாள் எங்களிடம் பொய் சொன்னதில்லை. டேப்பை வைத்து அளந்தோம். சத்தம் கூட்டித் திருகுகிற ஒவ்வொரு குமிழும் சாப்பாட்டுத் தட்டு அகலம். இருக்கிறதிலேயே சின்ன கிட் உன் பழைய கட்டிலைவிட நீளம். பெரிய கிட்டுக்குத் தாளைச் சுருட்டி ரெண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. நெட்டை சொல்கிறாள், இதை எதுக்குத் தூக்கணும், மூணு பேரும் உள்ள போய் உட்கார்ந்தே வாசிக்கலாமே என்று. முதலாளி வந்து மேஜையைப் பார்த்துவிட்டு, இது எந்தக் கம்பெனி ஆர்டர், என்ன உடுப்பு இது என்றார். காஜாக்காரி தலையைத் தூக்காமல், ஆறு கை இருக்கிற ஒரு வாட்ச்மேனுக்குங்க என்றாள். அவர் சரி சரி, சீக்கிரம் முடிங்க என்று போய்விட்டார்.

நான் அளவைச் சீட்டில் எழுதி வீட்டுக்குக் கொண்டுபோனேன். உன் அப்பாவுக்குச் சொல்ல வேண்டுமா, வாசலை அளந்தார், மாடிப்படித் திருப்பத்தை அளந்தார், பத்தாது என்று வாசல் கதவில் ஒரு பலகையைக் கழற்றியே வைத்துவிட்டார். ராத்திரி முழுக்கப் பூனை தன் வீடு மாதிரி வருகிறது, போகிறது. வாங்காத பெட்டிக்கு ஏன் இப்பவே கதவைக் கழற்றுறீங்க என்றால், வந்த பிறகு அவசரத்துல கழற்றினா சுவர் பெயரும் என்கிறார். பேண்டு வாத்தியார் தன் பேண்ட்டை அளவு பார்க்க வந்தவர் மேஜையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். அக்கா, அது பெரிசா அச்சான படம், பெட்டி இவ்வளவுதான் என்று கையை விரித்துக் காட்டினார், ஒரு சூட்கேஸ் அளவு. காட்டிவிட்டு மறுபடி சிரித்தார். காஜாக்காரியும் சேர்ந்து சிரித்தாள், நானும் சிரித்துவிட்டேன், தம்பி, மேஜையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். ஆனாலும் அவர் ரெண்டாம் தடவை சிரித்தது அதிகம். அவர் பேண்ட்டை இடுப்பில் அரை இஞ்சு பிடித்துத் தைத்திருக்கிறேன், இனிமேல் சிரித்தால் தெரியும்.

அளவு பிரச்சினை தீர்ந்ததும் ஆளுக்கு ஒரு கட்சி. காஜாக்காரிக்குச் சின்ன கிட் வேண்டும், ஒயர் எல்லாம் பலகையிலேயே அச்சாகி வருகிறது, சொருகிச் சொருகிப் பற்றவைத்தால் தீர்ந்தது, ஒரே ஒரு குமிழ். அவள் டிரம்மை முறைத்துப் பார்த்தாலே அந்தக் கிட்டின் சத்தம் அமுங்கிவிடும், அதனால்தான் அவளுக்கு அதன் மேல் ஆசை. அப்பாவுக்குப் பெரியது வேண்டும், அதுன்னா எனக்குக் கேட்கும் என்கிறார். அவருக்கு என் பேச்சு மட்டும்தான் கேட்காது, அடுத்த வீட்டில் டீ போட்டால் கேட்கும், இந்தக் காதுக்கு அத்தனை டியூப் எதற்கு. நெட்டைக்கு நடுவில் இருக்கிறது வேண்டும், அதில் கிடார் சொருக ரெண்டு துளை, நானும் அவளும் ஒரே பெட்டியில் சேர்ந்து வாசிக்கலாம், வேறு யார் பெட்டியையும் கடனாகக் கேட்க வேண்டாம்.

நான் மூன்று பேரையும் பேசவிட்டுவிட்டு வாத்தியாரைத் தனியாகக் கூப்பிட்டு வேறு ஒன்று கேட்டேன், எது எதைக் கட்டி முடிக்க எவ்வளவு நாள் பிடிக்கும் என்று. சின்னது ரெண்டு சாயங்காலத்துல முடிஞ்சிடும்கா, பெரியது மாசக்கணக்கா இழுக்கும், நடுவுல இருக்கறதுல அச்சுப் பலகை கிடையாது, ஒவ்வொரு ஒயரையும் அளந்து வெட்டி வளைச்சுக் கையாலதான் வைக்கணும், தெரிஞ்ச கையா இருந்தாலும் மூணு வாரம் ஆகும் என்றார். எனக்கு அங்கேயே ஒரு குதி குதிக்கலாம் போல இருந்தது. உன் முதலாளி கொடுக்கிற லீவும் மூன்று வாரம்தானே.

ஆகையால் நடுவில் இருக்கிறதுதான். எல்லாரிடமும் ரெண்டு துளைக்காக என்று சொல்லியிருக்கிறேன், அதுவும் பொய் இல்லை. உன்னிடம் உள்ளதைச் சொல்கிறேன். போன தடவை வந்தாய், துணிப்பெட்டியை வைத்தாய், சம்பந்தி வீட்டுக்குப் போனாய், திரும்பி வந்து பெட்டியை எடுத்தாய். மாப்பிள்ளைக்கு எங்க வீட்டு மெத்தைதான் சரிப்படுதுன்னு சொல்றார் என்று சம்பந்தியம்மா எனக்கே போன் போட்டுச் சொன்னாள், அதை நான் விட்டுவிடவில்லை. இந்தத் தடவை நீ எப்படிப் போகிறாய் பார்க்கிறேன். நீதானே போனில் என்னைப் பயம் காட்டினாய், உள்ள நானூறு வோல்ட்டும்மா, பிளக்கைப் பிடுங்கின பிறகும் ஆறாம உள்ளேயே உட்கார்ந்திருக்கும், வேலையைப் பாதியில விட்டுட்டு எழுந்து போகக் கூடாது, தெரிஞ்ச ஆள் பக்கத்துல இல்லாம தொடவே கூடாது என்று. பிடுங்கினாலும் ஆறாது என்று நீ சொன்னதுமே எனக்கு அந்தச் சாமான் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது, நம் குடும்பத்து ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஊரில் லிஃப்ட் ரிப்பேர் என்று அதற்குள் தலையை விட்டுக் கரண்டோடு மல்லுக்கட்டுகிற நீதான் தெரிந்த ஆள். மேஜையில் ஒயர் திறந்து கிடக்கும்போது மாப்பிள்ளை மெத்தையில் படுத்திருக்கலாமா என்று சம்பந்தியம்மாவை நானே கேட்டுக்கொள்கிறேன்.

நீ திட்டினால் திட்டு, ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில் என்றால் நிற்கிறேன், தொடாதே என்றால் தொடமாட்டேன், ஒயரை அளந்து வெட்டுவது மட்டும் என் வேலை, அதில் நீ தலையிடாதே, கத்தரி பிடிப்பதில் என்னிடம் குற்றம் கண்டவன் இன்னும் பிறக்கவில்லை. பேத்தியையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு வா, மருமகள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை, அவள் அம்மா மேல்தான். நீ வராமல் கிட்டை மட்டும் பார்சலில் அனுப்பினால் நான் பிரிக்க மாட்டேன், அப்படியே பீரோ மேல் ஏற்றிவிடுவேன், ஆண்டு விழாவில் நாங்கள் மூன்று பேரும் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம், மைக்செட்காரன் பார்த்துச் சிரிப்பான். அதைச் சகித்துக்கொண்டு நான் எத்தனை வருஷம் உயிரோடு இருப்பேன் என்று நினைக்கிறாய், நிறைய வருஷம் இருப்பேன், உன்னிடம் சொல்லிக்காட்டிக்கொண்டே இருப்பேன்.

கடைக்காரனிடம் டிரான்ஸ்பார்மர் நம் வீட்டுக் கரண்டுக்குப் பொருந்துவதா என்று ஒன்றுக்கு ரெண்டு தரம் கேள். அது இரும்புக் கனம், அதை உன் சூட்கேஸில் அடியில் வை, உன் பெரியம்மாவுக்கு வாங்குகிற சென்ட்டை எடுத்துவிட்டால் எடை சரியாகிவிடும், அவளுக்குச் சென்ட் இல்லாமலே வாசனை தெரியும். வேளைக்குச் சாப்பிடு, லிஃப்ட்டுக்குள் இறங்கும்போது மேலே ஒருத்தனைக் காவல் வை. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், உழைத்த உழைப்பு கையில் நின்று, நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் இதிலேயே இருக்கிறது, அவர் கதவு மாட்டிக்கொண்டிருக்கிறார்.

மறக்காதே, டியூப் எல்லாம் கண்ணாடி, அதைச் சூட்கேஸில் போட்டுவிடாதே, ஏர்போர்ட்டில் தூக்கி எறிவார்கள். ஒரு சட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வா. பக்கத்து சீட்டில் இருக்கிறவர் அது என்னப்பா என்று கேட்டால் கூச்சப்படாமல் சொல், எங்க அம்மாவோடது என்று.

இப்படிக்கு,
மேஜையைக் காலி பண்ணி வைத்திருக்கும்
உன் அம்மா